முதலில் தண்ணீரை வெளியேற்றுங்கள், சோலார் பிறகு வரட்டும்

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. மலையடிவாரத்தில் அவருடைய தாத்தா கட்டிய சிறிய ஓட்டு வீடு 12 ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த 45 செ.மீ. கனமுள்ள சுவர்கள், மர உத்திரங்கள், ஏறத்தாழ 70 சதுர மீட்டர் கூரை. பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்ட சாய்ப்பு சமையலறை. கிணற்றிலிருந்து 12 மீட்டரில் பழைய குழிக் கழிப்பறை. பணி ஓய்வுக்குப் பிறகு இதைச் சுற்றுச்சூழலுக்கு உகந்த விடுமுறை இல்லமாக மாற்றி, ஒரே சமயத்தில் 6 பேர் வரை தங்கவைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

சுவரெல்லாம் ஓதம், அதாவது ஈரக்கசிவு. ஒரு அறைக்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே சிமெண்ட் பூசியும், வெளியே சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளம் போட்டும் பார்த்திருக்கிறார்கள். அந்த அறையில் இடுப்பளவு இருந்த ஓதம் இப்போது தோளளவுக்கு ஏறியிருக்கிறது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், பழைய காரைப் பூச்சை முழுக்கக் கொத்திவிட்டு நீர்ப்புகாக் கலவை சேர்த்துச் சிமெண்ட் பூசலாம், ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடலாம், அதன்மேல் சோலார் தகடு வைக்கலாம், 6 மாதத்தில் திறந்துவிடலாம் என்கிறார். அண்ணன் தொலைபேசியில் சரி என்றுவிட்டார். தங்கை இன்னும் பதில் சொல்லவில்லை. ஒப்பந்தக்காரர் சொல்வது சரியா, உளுத்த உத்திரத்தை என்ன செய்வது, சோலாரும், கழிவை மக்கவைத்து உரமாக்கும் உரக் கழிப்பறையும் இருந்தால் 'பசுமை இல்லம்' என்று விளம்பரம் செய்யலாமா, சட்டப்படி எதைக் கவனிக்க வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஒப்பந்தக்காரர் புதிய வீடு கட்டுவதில் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் அவர் சொன்ன வைத்தியம் உங்கள் வீட்டுக்கு ஆகாது. அதற்கான சான்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: சிமெண்ட் பூசிய அறையில்தான் ஓதம் மேலே ஏறியிருக்கிறது.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் மழையையும் மண்ணின் ஈரத்தையும் கொஞ்சம் உறிஞ்சும். வெயிலும் காற்றும் பட்டதும் அதை முகப்பு வழியாகவே வெளியே விட்டுவிடும். அடித்தளத்தில் ஈரத்தடுப்பு எதுவும் இல்லாமலேயே இத்தகைய வீடுகள் தலைமுறைகளாக நின்றதற்கு இந்தப் போக்குவரத்துதான் காரணம். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைக்கிறது. உள்ளே வந்த நீருக்குப் போக இடமில்லாததால், பூச்சு முடியும் உயரம் வரை ஏறி, திறந்த முகப்பைக் கண்ட இடத்தில் வெளியேறுகிறது. நீரோடு வந்த உப்பு அங்கே படிகமாகி விரியும்போது கல்லின் தோல் உரிகிறது. நீர்ப்புகாக் கலவை சேர்த்தால் இந்த ஓதக் கோடு தோளிலிருந்து உத்திரத்தின் முனை வரை போய்விடும். அதன் பிறகு உளுப்பது ஒரு உத்திரத்தோடு நிற்காது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

ஓதம் என்றாலே தரையிலிருந்து ஏறுவது என்று நினைக்கிறோம். பெரும்பாலான பழைய வீடுகளில் முதல் குற்றவாளி கூரைநீர்தான். உங்கள் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 700 லிட்டர் தண்ணீர் இறவாரத்தில் கொட்டும். கூரைநீரை ஏந்தும் பீலி துருப்பிடித்து விழுந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவ்வளவு நீரும் வெளிச் சிமெண்ட் தளத்தில் விழுந்து சுவரில் தெறிக்கிறது. தளத்துக்கு அடியில் உள்ள மண்ணோ காயவே வழியில்லாமல் கிடக்கிறது.

எனவே முதல் வேலை மண்வெட்டி வேலை. வெளித் தளத்தைச் சுவரிலிருந்து குறைந்தது 60 செ.மீ. அகலத்துக்குப் பெயர்த்தெடுங்கள். வெளித் தரைமட்டம் உள் தரைமட்டத்தைவிட 15 முதல் 20 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். பல ஆண்டு மண் சேர்ந்து மேடாகியிருந்தால் அதை வழித்துவிடுங்கள். புதிய பீலியும் இறங்குகுழாயும் மாட்டுங்கள். குழாய் நீர் சுவரடியில் விழாமல் தொட்டிக்கோ, 3 மீட்டருக்கு அப்பாலோ போகட்டும்.

மேட்டுப்பக்கத்திலிருந்து நீர் ஊறி வருகிறது என்றால் அந்தப் பக்கம் மட்டும் வடிகால் அகழி தேவைப்படும். 30 செ.மீ. அகல அகழி, துணிவடிகட்டி விரிப்பு, துளையிட்ட 10 செ.மீ. குழாய், மேலே கழுவிய 20 மி.மீ. ஜல்லி, 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு. இதில் ஒரு அபாயம் உண்டு. பழைய வீடுகளின் கடைக்கால் (அடித்தளம்) ஆழம் மிகக் குறைவாக இருக்கும். சில இடங்களில் முழங்கால் அளவுகூட இருக்காது. சுவரை ஒட்டி அதற்குக் கீழே தோண்டினால் சுவரே இறங்கிவிடும். முதலில் ஒரே ஒரு சோதனைக் குழி தோண்டிக் கடைக்காலின் அடி எங்கே என்று பாருங்கள். அகழியைச் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, அந்த அடியைவிட ஆழமாகப் போகாமல் வெட்டுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகு காத்திருக்க வேண்டும். 2.5 செ.மீ. கனம் காய ஒரு மாதம் என்பது கைக்கணக்கு. 45 செ.மீ. சுவர் ஒரு பக்கமாக மட்டும் காய்ந்தால் 18 மாதம். இரு பக்கமும் திறந்திருந்தால் அதைவிடச் சீக்கிரம் ஆகும். ஹீட்டர் வைத்து அவசரப்படுத்தினால் உப்பு மொத்தமாக முகப்புக்கு வந்து சேரும், மரம் வெடிக்கும். சன்னல்களைத் திறந்து வைத்தாலே போதும். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். யாராவது ஊசிமுனை ஈரமானியைச் சுவரில் குத்தி எண்ணைக் காட்டினால் நம்பிவிட வேண்டாம். அந்தக் கருவி மரத்துக்கானது. சுவரில் உப்பு இருந்தால் ஈரமே இல்லாவிட்டாலும் அதிகமாகக் காட்டும்.

காரையும் சுண்ணாம்பும்

பழைய சுண்ணாம்புக் காரையை முழுக்கக் கொத்தச் சொல்வது வீண் வேலை. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஒலி வரும் இடங்களை அப்படியே விடலாம்; பொள்ளலாக ஒலிக்கும் இடங்களை மட்டும் எடுக்க வேண்டும். சிமெண்ட் பூச்சை எடுப்பதற்கு முன் ஒரு சதுர அடியில் உளியும் சுத்தியலுமாகக் கையால் முயன்று பாருங்கள். கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்து வந்தால் அந்த இடத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். இடிக்கும் இயந்திரம் வேண்டவே வேண்டாம்.

புதுப் பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்புக் களி 1 பங்கு, நயமும் பருமனும் கலந்த, உப்பில்லாத, கழுவிய மணல் 3 பங்கு. களி குறைந்தது 3 மாதம் நீருக்கடியில் ஊறியிருந்தால் வேலை நன்றாக வரும். மழைச்சாரல் நேராக அடிக்கும் சுவருக்கு நீரிலேயே இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு வகையில் 3.5 தரம் போதும். 5 தரம் மென்மையான கல்லுக்கு அதிகக் கடினம். சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். பிளவு வந்தால் சாந்தில் வரட்டும், அதைச் சரிசெய்வது எளிது.

ஒரு பூச்சு 1 செ.மீ.க்கு மேல் வேண்டாம். கட்டை விரலால் அழுத்தினால் அமுங்காமலும், நகத்தால் கீறினால் கோடு விழும்படியும் இருக்கும் பதத்தில் அடுத்த பூச்சு. வேலை முடிந்ததும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது காயாமல் காக்க வேண்டும். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான். அதற்குக் கொஞ்சம் ஈரமும் இருந்தாக வேண்டும். சுட்டெரிக்கும் வெயிலிலும், 5 டிகிரிக்குக் கீழே குளிரிலும் பூசினால் பொடிப்பொடியாக உதிரும். கொத்தனார்கள் நல்லெண்ணத்தோடு ஒரு கரண்டி சிமெண்ட் சேர்ப்பார்கள், 'சீக்கிரம் இறுகட்டும்' என்று. இறுகுவது போலத் தெரியும். சாந்து பலமிழந்து சில மழைக்காலங்களில் கொட்டிவிடும். ஒப்பந்தத்திலேயே இதைத் தடை செய்து எழுதிவிடுங்கள். மேலே 4 அல்லது 5 மெல்லிய சுண்ணாம்பு வெள்ளை போதும். அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் இத்தனை பாடும் வீண்.

களியை நீங்களே தயாரிப்பதாக இருந்தால் தண்ணீருக்குள் சுட்ட சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறித்துக் கண்ணைக் குருடாக்கிவிடும். மூக்குக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு கட்டாயம்.

கூரையும் உத்திரமும்

15 செ.மீ. கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 360 கிலோ எடை. 70 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 டன். ஓடு வேய்ந்த கூரையின் எடை இதில் சிறு பங்குதான். முழங்கால் ஆழமே இருக்கக்கூடிய கடைக்காலில் நிற்கும் கல்சுவர் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றுவதை என்னால் எந்த நிலையிலும் பரிந்துரைக்க முடியாது. ஓட்டைப் பிரித்து, தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிப்பவற்றைத் தனியே அடுக்குங்கள். நல்ல பழைய ஓடுகளையெல்லாம் கண்ணில் படும் முன்சரிவுக்கும், குறைகிற எண்ணிக்கைக்குப் புதியவற்றைப் பின்சரிவுக்கும் போடலாம். அடியில் ஆவி புகக்கூடிய விரிப்பு வையுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம். பறவைகளோ வௌவால்களோ குடியிருக்கின்றனவா என்று பிரிப்பதற்கு முன்பே பாருங்கள். பல நாடுகளில் வௌவால் வாழிடத்தைக் கலைப்பது குற்றம். குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்த பிறகு வேலையைத் தொடங்குவதே நியாயம்.

ஒரு முனை உளுத்திருப்பதற்காக முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டாம். திருப்புளியால் குத்திக்கொண்டே போங்கள். முனை உள்ளே இறங்காத இடத்தில் நல்ல மரம் தொடங்குகிறது. அதற்கு அப்பாலும் 30 செ.மீ. சேர்த்து வெட்டிவிட்டு, அதே இன மரத்தைச் சரிவு இணைப்பாக (இரு முனைகளையும் சாய்வாகச் சீவிப் பொருத்தி) சேர்த்துத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டால் முடுக்கலாம். இணைப்பின் நீளத்தைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுத் தரட்டும். வெட்டுவதற்கு முன் இருபுறமும் முட்டுக் கொடுப்பதை மறக்க வேண்டாம். புதிய முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் சுற்றிலும் 1 முதல் 2 செ.மீ. காற்றிடைவெளி விடுங்கள். பழைய முனை உளுத்ததே ஈரச் சுவரோடு ஒட்டிக் கிடந்ததால்தான். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை அண்டாது. சிறு துளைகளைப் பார்த்துப் பதற வேண்டாம். கீழே கறுப்புத் தாள் விரித்துச் சில வாரம் பாருங்கள். புதிய வெளிர் மாவு விழுந்தால் மட்டுமே பூச்சி உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

சமையலறை ஆஸ்பெஸ்டாஸை உடைக்கவோ துளையிடவோ வேண்டாம். அந்த இழைகள் நுரையீரலுக்குள் போனால் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். அதை அகற்ற உரிமம் பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். அதுவரை அந்தக் கூரையின் நீரைச் சேகரிக்காதீர்கள். பழைய சன்னல் வண்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதை உலர்வாகத் தேய்க்கவும் வேண்டாம்.

தண்ணீர், கழிவு, மின்சாரம்

கழிப்பறை கிணற்றிலிருந்து 12 மீட்டரில் இருப்பது எனக்கு ஓதத்தைவிட அதிகக் கவலை தருகிறது. உங்கள் குடும்பம் அந்த நீரைக் குடித்து எதுவும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று நான்கு பேர் உபயோகித்த குழி. நாளை வாரந்தோறும் புதிய ஆறு பேர், குழந்தைகளும் இருப்பார்கள். கழிவமைப்பைக் கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, நிலத்தடி நீர் ஓடும் திசைக்குக் கீழ்ப்புறம் அமையுங்கள். பழைய குழியைத் தூர்வாரி மூடுங்கள். கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். 100 மி.லி.யில் மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ-கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 50 மி.கி. தாண்டக் கூடாது. புற ஊதா விளக்கு வைப்பதானால் அதற்கு முன் வடிகட்டி அவசியம். கலங்கிய நீரில் கிருமி துகளின் நிழலில் தப்பிவிடும்.

உரக் கழிப்பறை நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் மரத்தூள் போட வேண்டும், சிறுநீரைப் பிரிக்க வேண்டும், நிறைந்த அறையை ஓராண்டு மூடி வைக்க வேண்டும். இரண்டு நாள் வந்து போகும் விருந்தினரிடம் இந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. ஈரத்துடைப்பான் ஒன்றைப் போட்டாலே உங்களுக்கு ஒரு நாள் வேலை. வீட்டுக்குள் 3, 6 லிட்டர் இரட்டைப் பொத்தான் கழிப்பறைகள், ஆறு பேருக்கு அளவெடுத்த செப்டிக் தொட்டி, அதன் பிறகு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நாணல் படுகை என்று அமைத்துவிட்டு, உரக் கழிப்பறை ஒன்றை வெளியே கூடுதலாக வையுங்கள். கிடைமட்டமாக நீர் ஓடும் படுகைக்கு ஆளுக்கு 5 சதுர மீட்டர் தேவை.

மழைநீரைப் பற்றி உற்சாகமாக எழுதியிருந்தீர்கள். ஆண்டுக்கு 1000 மி.மீ. பெய்தால் உங்கள் கூரை, இழப்பு போக, 56,000 லிட்டர் தரும். ஆளுக்கு 120 லிட்டர் வீதம் ஆறு பேருக்கு ஒரு நாளைக்கு 720 லிட்டர். ஆக, 78 நாள் தாங்கும். கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் துணி துவைக்கவும் அதைப் பயன்படுத்தினால் அதுவே பெரிய உதவி. முழுத் தேவைக்கும் அதை நம்ப வேண்டாம். ஒவ்வொரு மழையிலும் முதல் 70 லிட்டரை வெளியே விடும் அமைப்பு வையுங்கள்.

சோலாருக்கும் இதே மாதிரிக் கணக்கு போடுங்கள். 10 எல்.இ.டி. விளக்குகள், ஒவ்வொன்றும் 9 வாட், 5 மணி நேரம்: அரை யூனிட்கூட இல்லை. ஒருவர் 40 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்கிக் குளிக்க ஏறத்தாழ 1 யூனிட். ஆறு பேருக்கு 6. மின்சாரம் போகும் இடம் வெந்நீர்தான். எனவே முதலில் நீர் குறைவாக விடும் ஷவர், அடுத்து சூரிய வெந்நீர்க் கலன், அதன் பிறகே மின்தகடு. தகட்டைப் பழைய ஓட்டின் மேல் ஏற்றாமல் வெயில் படும் தரையில் நிறுத்துங்கள்; 1 கிலோவாட்டுக்குத் தகட்டின் பரப்பு மட்டும் சுமார் 5 சதுர மீட்டர். வெந்நீர்க் கலனில் நீர் 60 டிகிரியை எட்டியாக வேண்டும். 20 முதல் 45 டிகிரிக்குள் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகி நிமோனியாவைத் தரும். விருந்தினர் வராத வாரங்களிலும் எல்லாக் குழாய்களையும் ஷவரையும் வாரம் ஒருமுறை சில நிமிடம் திறந்துவிடுங்கள்.

மின்கம்பிகள் அனைத்தையும் புதிதாக இழுத்து, மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் நில இணைப்பும் பொருத்த வேண்டும். ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும் புகை அலாரங்களும், அடுப்பு எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம்.

'பசுமை இல்லம்' என்ற பெயர்

சோலார் இருந்தால் பசுமை என்பது பரவலான எண்ணம். உங்கள் வீட்டின் மிகப் பெரிய பசுமை, இடிக்காமல் விட்ட சுவரில் இருக்கிறது. சிமெண்டின் மூலமான கிளிங்கர் 1 டன் தயாராகும்போது 0.8 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக் கல்லிலிருந்தே வருவதால் எரிபொருளை மாற்றினாலும் மறையாது. அந்தக் கான்கிரீட் கூரையைப் போட்டுவிட்டு மேலே தகடு வைத்தால் முதல் சில ஆண்டுகள் அந்தக் கரியமிலக் கடனைத்தான் அடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

விளம்பரத்தில் 'பசுமை' என்று மொட்டையாக எழுதாமல் நிரூபிக்கக்கூடியதை எழுதுங்கள்: எத்தனை ஓடுகள் மறுபயன்பாடு, ஆளொன்றுக்கு எத்தனை லிட்டர், எத்தனை யூனிட். ஆதாரமில்லாத பசுமை விளம்பரம் பல நாடுகளில் நுகர்வோர் சட்டப்படி தண்டனைக்குரியது. சான்றிதழ் வேண்டுமென்றால், 1994-ல் டென்மார்க்கில் தொடங்கிய, தங்குமிடங்களுக்கான 'கிரீன் கீ' சுற்றுச்சூழல் சான்றிதழ் போன்றவற்றின் அளவுகோல்களை இப்போதே படித்து, மீட்டர்களைத் தனித்தனியாகப் பொருத்திவிடுங்கள். பின்னால் சுவரை உடைத்து மாட்டுவது இரட்டைச் செலவு.

உரிமையும் அனுமதியும்

பூர்வீக வீடு என்பதால் தொலைபேசிச் சம்மதம் போதும் என்று நினைக்கிறீர்கள். இங்கேதான் உங்கள் பணத்துக்கு உண்மையான ஆபத்து. கூட்டுச் சொத்தில் நீங்கள் போடும் செலவு, எழுத்து இல்லாவிட்டால், மூவருடைய சொத்தின் மதிப்பையும் உயர்த்திவிட்டு உங்கள் பங்கை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். தங்கை நாளை பாகம் கேட்டால் புதுப்பித்த வீட்டின் விலையில் கேட்பார். சட்டமும் அவர் பக்கம் நிற்கக்கூடும். இருவரின் பங்கையும் விலைக்கு வாங்குவது ஒரு வழி. மூவரும் கூட்டாகத் தொழில் நடத்துவது இன்னொன்று. உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்தால் மூன்றாவதே பொருந்தும்: உடன்பிறப்புகளிடமிருந்து அவர்கள் பங்கை 10 அல்லது 15 ஆண்டுக்குக் குத்தகைக்கு எடுத்துப் பதிவு செய்வது. குத்தகை முடியும்போது புதுப்பித்தலின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்ற ஒரு பத்தி அதில் இருந்தே ஆக வேண்டும். தங்கையின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு அந்த வீட்டில் ஒரு அறை வேண்டும் என்ற ஆசை இருக்கலாம். நேரில் போய்க் கேளுங்கள்.

குடியிருப்பைக் கட்டணத் தங்குமிடமாக மாற்றப் பெரும்பாலான இடங்களில் பயன்பாட்டு மாற்ற அனுமதி வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்தில் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: பயன்பாட்டு மாற்றம், வீடு பாரம்பரியப் பட்டியலில் உள்ளதா, கழிவமைப்புக்கான ஒப்புதல். பக்கத்துத் தோட்டம் வழியாகப் போகும் பாதைக்கு உங்களிடம் பத்திரம் இல்லை என்கிறீர்கள். குடும்பம் நடந்து போவதைப் பொறுத்துக்கொண்டவர் விருந்தினர் கார்களைப் பொறுக்கமாட்டார். வழியுரிமையை முன்பே எழுதி வாங்குங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வேலை நடக்கும் காலத்துக்கும், பணம் கொடுத்துத் தங்குபவருக்கு நேரும் காயத்துக்கும் பெரும்பாலும் பொருந்தாது. இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

ஆக, 6 மாதத்தில் திறப்பது நடக்காது. குறைந்தது ஒன்றரை ஆண்டு என்று வைத்து, மதிப்பீட்டுக்கு மேல் 20 முதல் 25 சதவீதத்தைத் தொடாமல் ஒதுக்கிவையுங்கள். காரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது திறந்த பிறகே தெரியும். ஓய்வூதியப் பணம் முழுவதையும் முதல் ஆண்டிலேயே போட்டுவிட வேண்டாம்.

ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுக்கவில்லையென்றால் குத்தகைப் பதிவு முடியும்வரை கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் சண்டை வேண்டாம். அந்தத் தொகைக்கு வெளித் தளத்தைப் பெயர்ப்பது, பீலி மாட்டுவது, உடைந்த ஓடுகளை மாற்றுவது, உத்திரத்துக்கு முட்டுக் கொடுப்பது ஆகிய நான்கை மட்டும் அடுத்த மழைக்கு முன் முடித்துத் தரச் சொல்லுங்கள். தங்கையின் கையெழுத்து வருவதற்கு முன்பே செய்யக்கூடிய, வீட்டைக் காப்பாற்றுவதற்கான வேலைகள் இவை. முடிந்தால் இவற்றுக்கும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிறகு பெருமழை நாளொன்றில் குடையோடு வீட்டைச் சுற்றி வந்து, நீர் எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் தெறிக்கிறது என்று குறித்து, அந்தப் படத்தையும் சோதனைக் குழியின் அளவையும் அனுப்புங்கள். வடிகால் அகழி தேவையா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.